நீர் இறங்கிய கரையோரம்

இலங்கை மலைநாட்டு நீர்நிலைகளில் வள்ளம் விட்டுக் காட்டுயிர் பார்க்க நினைப்பவர் முதலில் மாதத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கனடாவிலோ ஐரோப்பாவிலோ எழுதப்பட்ட துடுப்பு வழிகாட்டிகள் கோடை என்று ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களைச் சொல்லும். அதை நம்பி அந்த மாதங்களில் ஹட்டனில் வந்து இறங்கினால் தென்மேல் பருவப்பெயர்ச்சி மழைதான் வரவேற்கும். பக்கத்திலுள்ள வட்டவளை ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரைத் தொடும் மழை பெறும் ஊர். அந்த நாட்களில் காசல்ரீ நீர்த்தேக்கம் வான் பாயும், ஆறுகள் செம்மண் நிறத்தில் ஓடும், பத்தடி தள்ளி இருப்பதுகூடப் பனிமூட்டத்தில் தெரியாது.

மேற்குச் சரிவுக்கு வெயில் காலம் என்பது தை பிற்பகுதியிலிருந்து பங்குனி முடிய. வறண்ட குளிர்காற்று வீசும் இந்த வாரங்களில்தான் திம்புள்ள, டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைக்கு ஆண்டின் நல்ல விலை கிடைக்கும். கொழுந்துக்கு வாசனை ஏற்றும் அதே காலநிலைதான் நமக்கும் வேண்டியது. காற்று அடங்கிய விடியல், தெளிந்த வானம், நாளுக்கு நாள் கீழிறங்கும் நீர்மட்டம் என்று மூன்றும் சேர்ந்து வருவது அப்போது மட்டும்தான். சித்திரையில் நுவரெலியாவில் சீசன் களைகட்டும். ஆனால் அதற்குள் பிற்பகல் இடிமழை தொடங்கிவிடும். குளிர்நாட்டிலிருந்து வந்த பறவைகளும் ஊர் திரும்பத் தொடங்கியிருக்கும். ஒரு மாதத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் மாசியைச் சொல்வேன்.

எந்தத் தண்ணீர்

இந்தப் பக்கத்து ஆறுகள் இப்போது முழு ஆறுகளாக இல்லை. பொகவந்தலாவைக்கு மேலுள்ள மலைகளிலிருந்து இறங்கும் கெசல்கமு ஓயா, நோர்வூட்டைத் தாண்டியதும் காசல்ரீ நீர்த்தேக்கமாக விரிகிறது. சிவனொளிபாதமலைக் காட்டுப் பக்கத்திலிருந்து வரும் மஸ்கெலியா ஓயா, மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் போய்ச் சேர்கிறது. முன்னது 1965இலும் பின்னது 1969இலும் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டவை. இரண்டு ஓயாக்களும் கீழே ஒன்றுகூடிக் களனி கங்கை ஆகின்றன. அணைகளுக்கு இடைப்பட்ட ஆற்றுப் பகுதிகள் செங்குத்தானவை, பாறை நிறைந்தவை. நீர்மின் நிலையங்களின் மதகு எப்போது திறக்கும் என்பதைப் பொறுத்து அங்கே நீர் ஏறும், இறங்கும். காட்டுயிர் பார்க்க வருபவருக்கு அங்கே வேலையில்லை.

எனவே இந்த அத்தியாயம் பெரும்பாலும் காசல்ரீயையும் மவுசாகலையையும் பற்றியது. சுமார் 1,100 மீற்றர் உயரத்தில் கிடக்கும் காசல்ரீ, மலை மடிப்புகளுக்குள் விரல்விரலாக நுழைந்திருக்கும் நீர்நிலை. ஒவ்வொரு விரலின் நுனியிலும் ஒரு சிற்றோடை வந்து விழும். வள்ளக்காரருக்கு இந்த நுனிகள்தான் முக்கியம். நடுநீர் அகலமாகவும் அழகாகவும் இருக்கும், புகைப்படமும் நன்றாக வரும். ஆனால் அங்கே பார்ப்பதற்கு நீர்க்காகத்தைத் தவிர அதிகம் இல்லை.

நுவரெலியா கிரகரி ஏரி பற்றிப் பலர் கேட்பார்கள். 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் உருவாக்கப்பட்ட ஏரி அது. இன்று இயந்திரப் படகுகளும் அன்னப் படகுகளும் நிறைந்த இடம். குடும்பத்தோடு போகலாம். பறவை பார்க்க வேண்டும் என்றால் ஏரியை விட்டுவிட்டு, நகருக்குள்ளேயே இருக்கும் விக்டோரியா பூங்காவிலோ 2006இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட கல்வேஸ் லேண்டிலோ நடப்பது நல்லது.

நீர்த்தேக்கங்கள் அரச மின்துறையின் பொறுப்பில் உள்ளவை; அவற்றுக்கு இறங்கும் வழிகள் பெரும்பாலும் தோட்டங்களுக்குள்ளால் போகின்றன. கரையோரத்தில் தங்குமிடம் எடுத்தால் சில இடங்களில் கயாக்கும் அனுமதியும் சேர்ந்தே கிடைக்கும். சொந்த வள்ளம் கொண்டுவருபவர்கள் தோட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டு இறங்குவது முறை. அணைக்கட்டை நெருங்கக்கூடாது, அதைப் படமெடுக்கவும் கூடாது.

வள்ளமும் துடுப்பும்

இரு பக்கமும் அலகுள்ள துடுப்போடு வரும் பிளாஸ்டிக் கயாக்தான் இங்கு பொதுவாகக் கிடைப்பது. ஓட்டுவதற்கு எளிது. ஆனால் ஒவ்வொரு வீச்சிலும் ஓர் அலகு ஆகாயத்தில் பளிச்சிடும், தண்ணீர் சொட்டும், கரையில் இருக்கும் கொக்கு அதை நூறு மீற்றருக்கு முன்பே பார்த்துவிடும். முடிந்தால் ஒற்றை அலகுத் துடுப்பைத் தேடிப் பிடியுங்கள். கயாக்கிலேயே இருந்தாலும், கரையை நெருங்கியதும் இரட்டைத் துடுப்பைத் தாழ்த்திப் பிடித்து, அலகைத் தண்ணீரை விட்டு அதிகம் தூக்காமல் தள்ளுங்கள்.

ஒற்றைத் துடுப்பில் சத்தமில்லாமல் போக ஒரு முறை உண்டு. வழக்கம்போல் பின்னோக்கி இழுங்கள். இழுத்து முடிந்ததும் துடுப்பை வெளியே எடுக்காதீர்கள். மேல்கையில் பிடித்திருக்கும் முனையை உள்ளங்கைக்குள் உருட்டினால் அலகு திரும்பி, அதன் விளிம்பு முன்னோக்கி நிற்கும். கத்தி தயிரில் போவதுபோல் அதை நீருக்குள்ளேயே முன்னே நகர்த்துங்கள். பழைய இடத்துக்கு வந்ததும் மறுபடி அகலவாட்டில் திருப்பி இழுங்கள். கைக்குப் பழக்கமாக அரை மணி நேரம் பிடிக்கும். பழகிவிட்டால் வள்ளம் தானாக மிதந்து வருவதுபோல் இருக்கும். நீருக்கு மேல் எதுவும் அசையாது.

தொலைநோக்கி எட்டு மடங்குக்கு மேல் வேண்டாம். பத்து மடங்குக் கண்ணாடி நிலத்தில் நல்லது. வள்ளத்தில் அது பறவையைப் பெரிதாக்கும் அளவுக்கு ஆட்டத்தையும் பெரிதாக்கிக் காட்டும். வாரைக் கழுத்தில் மாட்டி, உயிர்காப்பு அங்கிக்கு மேலே தொங்கவிடுங்கள். அங்கியைக் கழற்றிக் காலடியில் போட்டுவிட்டுப் படமெடுக்கும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. காசல்ரீ கரை ஓரடி தள்ளியே சட்டென்று ஆழமாகும் இடங்கள் கொண்டது, தண்ணீரும் குளிர்ந்தது. காலையில் கம்பளி உடுப்பு அவசியம். பருத்திச் சட்டை ஒருமுறை நனைந்தால் பத்து மணி வெயில் வரும்வரை நடுக்கம் நிற்காது.

கரையை வாசிப்பது

நீர்மட்டம் இறங்கும்போது தேயிலைக்கும் தண்ணீருக்கும் இடையே மூன்றாவதாக ஒரு நிலம் வெளிப்படுகிறது. மேலே பச்சைத் தேயிலை, கீழே கறுத்த நீர், நடுவில் படிப்படியாக இறங்கும் செம்மண் பட்டை. இந்தப் பட்டையில் மரமும் செடியும் இல்லை. காட்டிலிருந்தோ தேயிலை மலையிலிருந்தோ தண்ணீர் குடிக்க வரும் எந்த விலங்கும் இதைக் கடந்துதான் ஆகவேண்டும். ஜீப்பில் போகிறவருக்கும் நடந்து போகிறவருக்கும் இது மேலிருந்து தெரியும் ஒரு சிவப்புக் கோடு மட்டுமே. தாழ்ந்த வள்ளத்தில் உட்கார்ந்து ஐந்து மீற்றர் தள்ளிப் போகிறவருக்கு நேற்றிரவு இங்கே நடந்ததெல்லாம் தெரியும். வள்ளத்தில் போவதால் நமக்குக் கிடைக்கும் பெரிய வசதி இதுதான். விலங்கை எதிர்பார்த்துக் காட்டையே வெறித்துக்கொண்டிருப்பவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். ஈரச் சேற்றைப் பாருங்கள்.

காலைச் சூரியன் தாழ்வாக இருக்கும்போது சுவடுகளில் நிழல் விழும், அதனால் தெளிவாகத் தெரியும். சூரியன் உச்சிக்கு ஏறிவிட்டால் அதே சுவடு கண்ணில் படாது. ஆறரை மணிக்குள் தண்ணீரில் இருங்கள்.

அதிகம் தென்படுவது காட்டுப்பன்றி. பிளந்த குளம்புக்குப் பின்னால் இரண்டு சிறு புள்ளிகள், அருகே கிளறிப்போட்ட மண். மரையின் குளம்பு இதைவிடப் பெரியது, நீளமானது. அது ஒழுங்கான வரிசையில் நடந்து வந்து, நின்று, அதே வழியில் திரும்பும். முள்ளம்பன்றி குட்டையான பாதங்களோடு முட்களையும் இழுத்துக்கொண்டு போவதால் சேற்றில் கீறல்கள் இருக்கும். நாய்க்கும் சிறுத்தைக்கும் குழப்பம் வருவது இயல்பு. தோட்டத்து நாய்கள் எங்கும் உண்டு. நாயின் சுவட்டில் விரல்களுக்கு முன்னால் நகம் பதியும். சிறுத்தை நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடப்பதால் நான்கு வட்ட விரல்களும் பின்னால் அகன்ற மெத்தையும் மட்டும் பதியும். மெத்தையின் பின்விளிம்பில் மூன்று வளைவுகள் இருக்கும். அதே பூனை அமைப்பு சிறிதாக, சில விரல்களில் நகமும் தெரிந்து, நீரின் விளிம்பை ஒட்டியே போயிருந்தால் அது மீன்பிடிப் பூனையாக இருக்கலாம். அதன் நகம் முழுதாக உள்ளே போகாது.

சிறுத்தையை வள்ளத்திலிருந்து நேரில் பார்ப்பது அரிது. அதை எதிர்பார்த்துப் பணம் கொடுப்பவர்களை நான் தடுப்பேன். ஆனால் தேயிலைத் தோட்டங்களுக்கும் அவற்றிடையே எஞ்சிய காட்டுத் துண்டுகளுக்கும் நடுவே சிறுத்தைகள் வாழ்வது உண்மை. டன்கெல்ட் தோட்டத்தில் சிறுத்தை ஆய்வு நிலையம் ஒன்றே இயங்கியிருக்கிறது. தானியங்கிக் கமராக்களில் ஒவ்வொரு விலங்கையும் அதன் புள்ளிகளைக் கொண்டு பிரித்தறிகிறார்கள். லயத்தில் இருப்பவர்களுக்கு இது செய்தியே இல்லை. நாய் காணாமல் போனால் காரணம் அவர்களுக்குத் தெரியும்.

கரையில் எங்கேனும் தனித்து நிற்கும் பாறை தென்பட்டால் நிறுத்திப் பாருங்கள். அதன் தலையில் சிறு குவியலாக எச்சம் கிடக்கலாம். குச்சியால் கிளறினால் நண்டோட்டின் துண்டுகள், மீன் செதில்கள், முள். மீன் வாடையடிக்கும், ஆனால் அழுகிய நாற்றம் இருக்காது. அது நீர்நாயின் அடையாளம். இரவில் திரியும் விலங்கு என்பதால் அதைப் பார்த்தவர்கள் குறைவு. அதன் பாறையைக் கண்டுபிடித்தவர்கள் நிறைய. மலையோடைகளில் நண்டு அதற்கு முக்கிய உணவு. இலங்கையின் நன்னீர் நண்டு இனங்களில் ஏறத்தாழ எல்லாமே உலகில் இங்கு மட்டும் வாழ்பவை. ஆக அந்தச் சிறு குவியலில் கிடப்பது வேறெங்கும் பார்க்க முடியாத ஓடுகளாக இருக்கலாம். சேற்றில் ஐந்து விரலும் இடையே தோலும் பதிந்த சுவடு கிடைத்தால் சந்தேகமே வேண்டாம். விடியலில் அந்தப் பாறையிலிருந்து நாற்பது மீற்றர் தள்ளி, காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் பக்கமாக வள்ளத்தை நிறுத்திக் காத்திருக்கலாம். பாறையின்மேல் ஏறாதீர்கள், எச்சத்தை எடுத்துச் செல்லாதீர்கள். நீர்நாய்களுக்கு அது எல்லைக் கல்.

கெசல்கமு ஓயா வந்து சேரும் நோர்வூட் பக்க நுனியில் வண்டல் மேடுகள் அதிகம், பறவையும் அதிகம். ஆனால் சில நாட்களில் வெயில் காலத்திலும் அந்த நீர் கலங்கி வரும். பொகவந்தலாவைப் பக்கம் ஆற்றுப்படுகையைத் தோண்டி நடக்கும் சட்டவிரோத மாணிக்கக்கல் அகழ்வு அதற்கு ஒரு காரணம். மழையே இல்லாத வாரத்தில் ஆறு பழுப்பாக ஓடினால் அந்த நுனியை விட்டுவிட்டு வேறு விரலுக்குப் போங்கள். மீன் தெரியாத நீரில் மீன்கொத்தி நிற்காது.

சேற்றின் விளிம்பில் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஓடும் மஞ்சள் வயிற்றுச் சிறு பறவை சாம்பல் வாலாட்டி. புரட்டாசி, ஐப்பசிவாக்கில் வந்து சித்திரையில் போய்விடும். உடலின் பின்பாதியையே ஆட்டுகிற பழுப்புப் பறவை உள்ளான். வள்ளம் நெருங்கினால் விறைத்த சிறகோடு நீரை ஒட்டிப் பறந்து முன்னால் போய் உட்காரும், மறுபடி நெருங்கினால் மறுபடி பறக்கும். இப்படி அதைக் கரை முழுக்க விரட்டிக்கொண்டு போகாமல், நடுநீர்ப் பக்கம் விலகி அது பின்னால் தங்க இடம் கொடுங்கள். மடையான் மண்ணோடு மண்ணாக இருந்து, பறக்கும்போதுதான் வெள்ளையாகத் தெரியும். முக்குளிப்பான் மூழ்கினால் எங்கே எழும் என்று பார்க்காதீர்கள், நில்லுங்கள். அது எழுந்து உங்களைப் பார்த்துவிட்டு மறுபடி தன் வேலைக்குப் போகும். மேலே, மரங்களின் தலையை உரசுவதுபோல் மெதுவாக வட்டமிடும் பெரிய கறுப்புப் பறவை கருங்கழுகு. கூடுகளைத் தேடித் திருடுவது அதன் தொழில். செம்பருந்து வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடலும் கொண்டது, அதை யாரும் தவறவிடமாட்டார்கள்.

கரையோரக் காட்டுத் துண்டுகளிலிருந்து காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டி இரட்டை விசில் கேட்டால் ஆறுமணிக் குருவி. வள்ளத்திலிருந்து அதைப் பார்க்க முடியாது. தரையில் சருகைக் கிளறி வாழ்வது. குரலே போதும்.

திறந்த செம்மண்ணில் ஆள்காட்டி முட்டையிடும். கூடு என்று எதுவும் இராது, நான்கு கற்களைப்போல முட்டைகள் கிடக்கும். தலைக்கு மேல் வந்து ஓயாமல் கத்தினால் அது உங்களை வரவேற்கவில்லை என்று பொருள், திருப்பிக்கொண்டு போய்விடுங்கள். எந்தப் பறவையானாலும் இரை தேடுவதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் அதுதான் எல்லை. அங்கேயே துடுப்பை நீருக்குள் நிறுத்துங்கள். தலை மறுபடி தாழ்ந்தால் இருக்கலாம், தாழாவிட்டால் பின்வாங்குங்கள். கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பது, ட்ரோன் பறக்கவிடுவது இரண்டும் வேண்டாம்.

மவுசாகலையில் நீர் நன்றாக இறங்கிய ஆண்டுகளில், நீர்த்தேக்கத்துக்காக மூழ்கடிக்கப்பட்ட பழைய மஸ்கெலியா நகரின் வழிபாட்டிடங்கள் சேற்றிலிருந்து எழுந்து நிற்கும். அப்போது கூட்டம் வரும். வாலாட்டிகளுக்கும் உள்ளான்களுக்கும் அந்தச் சுவர்கள் நல்ல மேடை. ஆனால் இடிபாடுகளில் வள்ளத்தைக் கட்டாதீர்கள். கல் பழையது, மேலும் பலருக்கு அது இன்னும் கோயில்தான்.

கம்பி

கரையோரத்தில் மரக்கறித் தோட்டங்களை ஒட்டிய புதர்களில், ஒரு சாண் அல்லது ஒரு முழ உயரத்தில் வளையமாகக் கட்டிய கம்பி தெரிந்தால் அது சுருக்கு. பன்றிக்காக வைப்பது. அதில் பன்றி மட்டும் விழுவதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணியில், லக்ஷபான தோட்டத்தில், மிக அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று இப்படியான சுருக்கில் கழுத்து மாட்டி, மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்தது. கழற்ற நீங்களே இறங்காதீர்கள். விலங்கு மாட்டியிருந்தால் நெருங்கவே வேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 இலக்கத்தில் சொல்லுங்கள். தோட்டத்தில் மூன்று மாத உழைப்பை ஓரிரவில் பன்றி உழுதுவிட்டுப் போவதும் நிஜம். ஆகவே கம்பியைக் கண்டதும் அங்கிருப்பவர்களிடம் நீதி பேசப் போகாதீர்கள்.

தண்ணீர் தரும் தொல்லைகள்

மலைநாட்டு நீர்த்தேக்கங்களில் முதலைப் பயம் இல்லை. பயப்பட வேண்டியவை வேறு. முதலாவது சேறு. மேலே காய்ந்து வெடித்திருக்கும் மண் உள்ளே கூழாக இருக்கும். முழங்கால் வரை போனால் தனியாக வெளியே வருவது கடினம். கல்லோ புல்லோ உள்ள இடத்தில் மட்டும் கரையேறுங்கள். நீர் குறைந்த காலத்தில் மூழ்கிய மரக்கட்டைகளும் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நிற்கும்.

அடுத்தது வலை. காசல்ரீயில் திலாப்பியாவும் கெண்டை இனங்களும் பிடிப்பவர்கள் இரவில் வலை விரிப்பார்கள். மிதக்கும் ரெஜிபோம் துண்டோ வெற்றுப் போத்தலோ வரிசையாகத் தெரிந்தால் சுற்றிப் போங்கள். “அங்கிட்டு வல கெடக்கு, ஓரமாப் போங்கண்ணே” என்று கரையிலிருந்து யாராவது சத்தம் கொடுத்தால் கேளுங்கள். நன்றி சொல்லி, நேற்றிரவு எந்தப் பக்கம் பன்றி இறங்கியது என்றும் விசாரியுங்கள். எந்த நூலையும்விட அந்தப் பதில் புதியது.

குளவி இந்தப் பக்கத்தில் விளையாட்டுக் காரியம் இல்லை. கொழுந்து பறிப்பவர்கள் குளவி கொட்டி மருத்துவமனைக்குப் போகும் செய்தி வராத மாதம் குறைவு. கரையில் சாய்ந்த பெரிய மரங்களின் கிளையடியில் கூடு தொங்கும். நிழல் தேடி அங்கே வள்ளத்தை ஒதுக்குமுன் அண்ணாந்து பாருங்கள். பருந்து கூட்டைக் கலைத்தாலும் கீழிருப்பவருக்குத்தான் கொட்டு. காலில் புண் இருந்தால் தண்ணீர் படாமல் கட்டிக்கொள்ளுங்கள், எலிக்காய்ச்சல் உள்ள நாடு இது. அட்டை வெயில் காலத்தில் குறைவு. ஈரப்புல்லில் இறங்கினால் மட்டும் சவர்க்காரம் தேய்த்த காலுறை உதவும்.

பத்து மணிக்குப் பிறகு பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஏறும், நீரில் சிற்றலை எழும், பறவையும் ஒதுங்கும். பங்குனி, சித்திரையில் பிற்பகல் மேகம் கறுக்கத் தொடங்குமுன் கரையில் இருங்கள். திறந்த நீரின் நடுவில் உயர்ந்து நிற்பது உங்கள் தலை மட்டும்தான். மின்னல் அதையும் கணக்கில் எடுக்கும். அம்புலன்சுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. கைபேசி சமிக்ஞை மலை மடிப்புகளுக்குள் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், ஆகவே எந்த விரலுக்குப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஓடும் ஆறுதான் வேண்டும் என்றால்

ஹட்டனிலிருந்து கீழே இறங்கிக் கித்துல்கலைக்குப் போகலாம். 1957இல் வெளிவந்த குவாய் ஆற்றுப் பாலம் படத்துக்காகப் பாலம் கட்டி உடைத்த இடம். இன்று வெள்ளைநீர் ராஃப்டிங்குக்குப் பேர்போனது. ரப்பர் படகில் கூச்சலிட்டு இறங்குபவர்களுக்கு மத்தியில் பறவை பார்க்க முடியாது; அவர்கள் தொடங்குமுன், பாறைகளுக்குக் கீழே ஆறு அகன்று அமைதியாகும் பகுதியில் காலையில் போங்கள். இங்கே உயரம் குறைவு, காடு மழைக்காடு, பறவைகளும் வேறு. பெரிய சிவந்த அலகுள்ள மீன்கொத்தி, நீல உடலும் கபிலத் தலையும் சிவந்த அலகும் கொண்ட இலங்கை நீல மேக்பை, பாறையில் வெயில் காயும் கபரகொய்யா ஆகியவை ஆற்றிலிருந்தே தெரியக்கூடும்.

இந்தக் காட்டில்தான் 1995இல் பறவையியலாளர் தீபால் வரகாகொட அடையாளம் தெரியாத ஒரு குரலைக் கேட்டார். குரலுக்குரிய பறவையைச் சிங்கராஜாவில் கண்ணால் பார்க்க 2001 ஆயிற்று. 2004இல் அது செரண்டிப் ஆந்தை என்று அறிவியலுக்குப் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. 1868க்குப் பிறகு இலங்கையில் கண்டறியப்பட்ட முதல் புதிய பறவை இனம் அது. ஆற்றில் இருக்கும்போதும் காதைத் திறந்தே வைத்திருங்கள். ஓடும் நீரின் இரைச்சலுக்கு மேலே எழும் குரல்களைப் பிரித்தறியச் சற்று நேரம் வேண்டும். அதற்காகக் கரையோரச் சுழியில் வள்ளத்தை நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். கித்துல்கலையில் ஆற்றின் அளவை மேலேயுள்ள மின்நிலையங்களின் நீர் வெளியேற்றம்தான் தீர்மானிக்கிறது. வானம் தெளிந்திருக்கும்போதே ஆறு அரை மணிக்குள் ஏறிவிடும். காலையில் நடந்து கடந்த கற்பாறை பகலில் நீருக்கடியில் இருக்கும். அன்றைய நீர் எப்போது வரும் என்பது அங்குள்ள ராஃப்டிங் வழிகாட்டிகளுக்குத் தெரியும், அவர்கள் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. அவர்களிடம் நேரம் கேட்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வள்ளத்தைக் கரையேற்றி மேட்டில் கட்டிவிடுங்கள்.